இலைகள் எடுக்கப்பட்டன

ஹி என்றால் அவன், ஹி என்றால் அவர், ரெண்டும் ஒன்றுதான், இங்கிலீஷில் மரியாதை பிரனவுனில் கிடையாது என்று ஜெயசிங் சார் பதினொன்றாம் வகுப்பில் சொன்னார். அப்போ எங்க சார் இருக்கு என்று கேட்டதற்கு, டோன்ல இருக்கு, உக்காரு என்றார். அந்த உக்காருவில் என்ன டோன் இருந்தது என்று இப்போது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், திருநெல்வேலியில் ஒரு ஹோட்டல் மாடியில், வெள்ளைத் துணி போர்த்தி முதுகில் சிவப்பு ரிப்பன் கட்டிய நாற்காலியில். நேற்று இங்கே யாருக்கோ நிச்சயதார்த்தம் நடந்திருக்க வேண்டும், தரையில் ரோஜா இதழ் நசுங்கிக் கிடக்கிறது. இன்று சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்திருக்கிறது. போனில் இங்கிலீஷ் பேசுகிற வேலை. அமெரிக்காவில் எவனுக்கோ வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்றால் நான் இங்கிருந்து ஸாரி சொல்ல வேண்டும். காலையில் கிராமர் டெஸ்ட் முடிந்துவிட்டது, அதில் தேறியவர்களைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். இனி ஒவ்வொருத்தராகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் ரெண்டு நிமிஷம் பேச வேண்டும். எல்லோருக்கும் ஒரே தலைப்பு. நீ அட்மைர் பண்ணும் ஒரு ஆள். தடுப்பு வெறும் பிளைவுட், உள்ளே பேசுவது அப்படியே கேட்கிறது. மை ரோல் மாடல் இஸ் மை ஃபாதர் என்று ஒருத்தன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் போனவளும் அதைத்தான் சொன்னாள், அவளுக்கு முன்னால் போனவளும். ஹி இஸ் வெரி ஹார்ட் ஒர்க்கிங், ஹி சாக்ரிஃபைஸ்டு எவ்ரிதிங். எல்லா அப்பாவும் ஒரே அப்பா. பக்கத்து நாற்காலிப் பெண் உதட்டை மட்டும் அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள், பெனிட்டா, பாளையங்கோட்டை. நீ யாரச் சொல்லப் போற என்று கேட்டாள். தெரியல என்றேன். அப்பாவச் சொல்லு, அப்பான்னா குறுக்குக் கேள்வி கேக்க மாட்டாங்க, எங்க இன்ஸ்டிட்யூட்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க என்றாள். உங்க அப்பா என்ன வேலை பாக்காங்க என்றேன். அவங்க செத்துப்போயிட்டாங்க, அதனால எனக்கு எல்லாம் வாஸ் போடணும், நடுவுல ஒரு இஸ் வந்துரக் கூடாது, அதத்தான் மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன், நீ குறுக்கப் பேசாத என்றாள். அழுகிற முகமே இல்லை. பரீட்சைக்கு முன்னால் பார்முலா பார்க்கிற முகம். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

என் அப்பா உயிரோடு இருக்கிறார். இஸ். கீழே, கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் நிற்கிறார், ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிறது. காலையில் ரெண்டு பேரும்தான் பஸ்ஸில் வந்தோம். வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு அக்கா, வாங்க சார், மேல ஏசி இருக்கு, வந்து உக்காருங்க என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா திரும்பித் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை. அப்போதும் அவருக்குப் புரியவில்லை, ஓரமாக ஒதுங்கி, வரப்போகிற அந்த சாருக்கு வழி விட்டு நின்றார். எப்பா, உன்னத்தான் கூப்பிடுதாக என்றேன். சிரித்தார். நீ போ தாயி, நான் இங்கனயே நிக்கேன், காத்து நல்லா வருது என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் மாடிப்படி ஏறினேன். என் அப்பாவின் பெயர் கொம்பையா. பெயரிலேயே ஐயா இருக்கிறது. ஊரில் அந்த ஐயாவை மட்டும் கழித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள், கொம்பா. வாய் நிறைய ஐயா என்று சொல்லிவிடக் கூடாது என்று எவ்வளவு கவனம். எங்கள் ஊரில் பெரிய கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது, அங்கே பந்தி முடிந்ததும் எச்சில் இலை எடுத்து மேஜை துடைப்பது அப்பாவின் வேலை. மண்டபம் மாதிரி மரியாதையான இடம் உலகத்தில் கிடையாது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நாலு பேர் நின்று வாங்க வாங்க என்கிறார்கள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டுத்தான் போகணும், இன்னொரு அப்பளம் வச்சுக்கோங்க, குட்டிப்பாப்பா நீங்களும் பாயசம் சாப்பிடுறீங்களா. மூணு வயசுப் பிள்ளைக்குக்கூட நீங்க. அந்த ங்க எல்லாம் தலைக்கு மேலே ஃபேன் காற்று மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குக் கீழே குனிந்து போகிறவருக்கு மட்டும் படாது. ஏய், இந்த வரிசைய எடு. கொம்பா, அங்க சாம்பார் சிந்திக் கிடக்கு பாரு. மண்டபத்து முதலாளிதான் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கும் கரஸ்பாண்டன்ட், பக்கத்தில் இருக்கும் காலேஜும் அவர்களுடையதுதான். எங்கள் ஊரில் கல்யாணம் பண்ணினாலும் அவரிடம் போக வேண்டும், படித்தாலும் அவரிடம் போக வேண்டும்.

அடுத்தவன் உள்ளே போய்விட்டான். மை ஃபாதர். வந்துவிட்டது. ஹி டோன்ட் கேர் அபௌட் ஹிம்செல்ஃப் என்கிறான், உள்ளே இருந்து ஒரு பெண் குரல் டஸன்ட் என்று திருத்துகிறது, அவன் யெஸ் மேம், ஹி டோன்ட் என்கிறான். பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். டஸ், டூ, ஹேஸ், ஹேவ், ஒருத்தர் என்றால் எஸ் வர வேண்டும், பல பேர் என்றால் எஸ் வரக் கூடாது, இந்த ஒரு விஷயத்தைப் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தும் யாருக்கும் வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. வந்த கதை வேறு. பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் அப்பாவைப் பற்றி ஒரு பாரா எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் மை ஃபாதர் என்று ஆரம்பித்தேன், அடுத்த வரியில் ஹி என்று எழுதப் போனேன், பேனா ஓடவில்லை. ஹி என்றால் அவன் என்றுதான் ஆறாம் வகுப்பில் இருந்து அர்த்தம் எழுதி வைத்திருக்கிறோம். அவன் இலை எடுக்கிறான். அவன் லேட்டாக வருகிறான். இதைத்தான் ஊரே சொல்கிறதே, நானும் பேப்பரில் எழுதிக் கொடுக்க வேண்டுமா. வீட்டில் அம்மா ஒருத்திதான் அவரை அவுக என்பாள். அவுக வந்துட்டாகளா, அவுகளுக்கு ஒரு முட்ட எடுத்து வையி. அவுகவுக்கு இங்கிலீஷில் என்ன என்று தேடினேன். தே. சந்தோஷமாக எழுதினேன். மை ஃபாதர், தே ஆர் ஒர்க்கிங் இன் எ மேரேஜ் ஹால். தே கம் ஹோம் லேட். தே ஆர் வெரி டயர்ட். ஒரு பாரா முழுக்க தே. நானே அவரை நீ என்றுதான் கூப்பிடுகிறேன், எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், ஒருதடவை நீங்க என்று கூப்பிட்டுப் பார்த்ததற்கு, ஏன் தாயி, யாரோ மாதிரி பேசுத என்று அவருக்கு முகம் வாடிவிட்டது. தமிழில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார், இங்கிலீஷில் கொடுத்தால் தெரியவா போகிறது என்று எழுதினேன். ஜெயசிங் சார் பேப்பர் கொடுக்கும்போது என்னை எழுப்பி நிற்க வைத்து அந்தப் பாராவை வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு தே-யையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தே-ன்னா எத்தன பேரு என்றார். ஒன்றுக்கு மேல சார் என்றேன். அப்போ உனக்கு எத்தன அப்பா என்றார்.

வகுப்பு சிரித்தது. அவருக்கு அது கிராமர். கேட்டவர்களுக்கு அது வேறு. பையன்கள் பக்கமிருந்து ஒருத்தன், சார், அவ அம்மாட்டதான் கேக்கணும் என்றான், அதற்கும் சார் சைலன்ஸ் என்று மட்டும் சொன்னார், சைலன்ஸ் யாருக்கு என்று தெரியவில்லை. பீடி சுற்றிச் சுற்றி விரல் மஞ்சளான என் அம்மா அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்திருப்பாள், அவளை இழுத்து வகுப்பில் நிறுத்திவிட்டார்கள், ஒரு பிரனவுனுக்காக. எனக்கு அழுகை வரவில்லை. சாரைத் திட்ட வேண்டும் என்று ஒன்றும் தோன்றவில்லை, விதி அப்படித்தான் என்றால் அப்படித்தான், ஒருத்தர் என்றால் ஹி, ராஜாவாக இருந்தாலும் ஹி என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிகூட இருந்தது. கரஸ்பாண்டன்டும் ஹி, கொம்பையாவும் ஹி, நல்ல பாஷைதான். ஒரு வாரம் அந்தப் பாஷை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு ஆண்டுவிழா வந்தது. பிரேயரில் எங்களை வரிசையாக நிறுத்திவிட்டு ஜெயசிங் சார் மைக்கைப் பிடித்தார். ஸ்டூடன்ட்ஸ், கரஸ்பாண்டன்ட் சார் ஹேவ் கம், தே வில் நவ் அட்ரெஸ் யூ என்றார். ஹேவ். தே. கரஸ்பாண்டன்ட் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு சந்தனக்கலர் சட்டையில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. உங்களுக்கு எத்தனை கரஸ்பாண்டன்ட் சார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை, டிசியில் கை வைத்துவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு எனக்குக் கிராமர் முழுக்கப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு எஸ்கூட விட்டதில்லை. இங்கிலீஷில் எல்லோரையும்விட மார்க் கூட வாங்கினேன், கோபத்தில்.

துப்பட்டாவ ஏன் இழுத்துப் போத்திக்கிட்ட என்கிறாள் பெனிட்டா. ஏசி என்றேன். பயமா. ஏசிதான்ட்டி. பயம்தான். இந்த வேலை கிடைக்கவில்லை என்றால் நாளை காலையில் நான் காலேஜ் சீட்டுக்காகக் கரஸ்பாண்டன்ட் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ரிசல்ட் வந்த அன்றைக்கு மண்டபத்தில் வைத்து அவர் அப்பாவிடம், கொம்பா, உன் மக பாஸாமே, நம்ம காலேஜ்லயே போட்ரு, பீஸு எதுவும் நீ கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா அன்று பந்தி முடியும்வரை பொறுக்க முடியாமல் பின்வாசலில் நின்று போனில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கிறார். எனக்கு வேண்டாம் என்றேன். ஏன் தாயி, சும்மா குடுக்காகளே என்றார். சும்மாவா. அப்புறம் மண்டபத்தில் யாராவது அவரை ஒரு வார்த்தை கேட்டால், மகள படிக்க வைக்காக என்று இன்னும் ஒரு சாண் குனிவார். நான் அந்த காலேஜில் நடக்கும்போது இது யாரு, நம்ம இலை எடுக்குற கொம்பன் மக, சார்தான் சேத்துவிட்டாங்க என்பார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் சண்டை. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன், இன்டர்வியூவுக்குப் போறேன், கெடச்சா வேல, கெடைக்கலன்னா மறுநாளே உன்னோட வந்து அய்யா வீட்டு வாசல்ல நிக்கேன், சரியா என்றேன். சரி தாயி என்றார். அவருக்கு எல்லாம் சரி. அந்த சரிதான் எனக்கு ஆகாது. இதை உள்ளே போய் எப்படிச் சொல்வது. அட்மைர் என்றால் வியந்து பாராட்டு என்று டிக்‌ஷனரியில் போட்டிருக்கிறது. நான் அப்பாவை வியந்து பாராட்டுகிறேனா. காலை டெஸ்டில்கூட ஒரு கேள்வி இருந்தது, மை ஃபாதர் இஸ் எ மேன் டேஷ் ஐ அட்மைர், ஹூவா ஹூமா. ஹூம் என்று போட்டேன். சரியான விடைதான். விடை சரியாக இருந்தால் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கிராமரில் விதி இல்லை.

ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க மண்டபத்துக்குப் போயிருந்தேன். பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்தி முடிந்திருந்தது. அப்பா இலையை மடித்து எடுக்கிற விதம் ஒன்று இருக்கிறது, மூலையைப் பிடித்துச் சுருட்டினால் ரசம் ஒரு சொட்டு சிந்தாது, ஆனால் அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள், பார்க்கிற மாதிரி விஷயமும் இல்லை, எச்சில் இலை எச்சில் இலைதான். பாஸிவ் வாய்ஸ் நடத்தும்போது ஜெயசிங் சார் சொன்னார், செய்தவன் யாருங்கிறது முக்கியம் இல்லன்னா பை போட வேண்டாம், விட்டுறலாம். ரோடு போடப்பட்டது. திருடன் பிடிக்கப்பட்டான். தி லீவ்ஸ் வேர் க்ளியர்டு. இலைகள் எடுக்கப்பட்டன. பை கொம்பையா வேண்டாம். அன்றைக்குக் கரஸ்பாண்டன்ட்டின் பேரன் அங்கே ஓடி விளையாடிக்கொண்டிருந்தான், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பையன், பட்டு வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். கொம்பா, பந்து உள்ள போயிட்டு, எடுத்துட்டு வா என்றான். அப்பா பக்கெட்டை வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் முழங்கால் போட்டு நுழைந்தார். அந்தப் பக்கமிருந்து வெளியே வந்தபோது தலையில் ஒரு வெண்டைக்காய்த் துண்டு ஒட்டியிருந்தது. பையன் அதைப் பார்த்துச் சிரித்தான், அப்பாவும் சிரித்தார். பந்தைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். நான் கதவுப்பக்கம் நின்றிருந்தேன். ராத்திரி கேட்டேன், அவன் உன்னக் கொம்பாங்கான், நீ சிரிக்க. சின்னப்பிள்ளதான தாயி என்றார். பெரியவனானா மாத்திக் கூப்பிடுவானா. யோசித்தார், நிஜமாகவே யோசித்தார், அப்போ பழகிப்போயிருக்கும் என்றார். இதுதான் என் அப்பா. அடித்திருந்தால், குடித்திருந்தால், ஓடிப்போயிருந்தால் ஒரு வார்த்தையில் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். நல்லவர். எனக்கு முட்டையின் மஞ்சளைக் கொடுத்துவிட்டு வெள்ளையைத் தின்பவர். நல்லவரை வியந்து பாராட்ட வேண்டும் என்றால் அவர் ஒரே ஒரு தடவையாவது சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும். ஒரே தடவை. பந்தை அங்கேயே விட்டுவிட்டு, நீயே எடுத்துக்கோல என்று சொல்லியிருந்தால், இன்றைக்கு உள்ளே போய் ரெண்டு நிமிஷம் இல்லை, ரெண்டு மணி நேரம் பேசுவேன்.

இசக்கிலதா என்று கூப்பிட்டார்கள். செருப்பின் வார் ஒரு பக்கம் விட்டிருந்தது, காலை இழுத்து நடந்தேன். உள்ளே ஒரு தாடி வைத்த சார், ஒரு கண்ணாடி போட்ட மேடம். மேடம் லேப்டாப்பில் இருந்து முகத்தை எடுக்காமல் ப்ளீஸ் ஸ்டார்ட் என்றாள். மை ரோல் மாடல் இஸ் மை ஃபாதர் என்று நாக்கு தயாராக இருந்தது, காலையில் இருந்து கேட்டுக் கேட்டு வாயில் ஒட்டியிருந்தது. மை ஃபாதர் என்றேன். அவள் உதட்டில் ஒரு சின்ன சிரிப்பு வந்தது, இதோ இன்னொன்று என்கிற சிரிப்பு, கை எதையோ டைப் பண்ணியது, நான் பேசுவதற்கு முன்னாலேயே எனக்கு மார்க் போட்டுவிட்டாள் என்று தெரிந்தது. எரிச்சலில் வந்துவிட்டது. ஐ டோன்ட் அட்மைர் மை ஃபாதர் என்றேன். டைப் பண்ணுவது நின்றது. ஒய் என்றார் தாடி சார். சொன்னேன். மண்டபம், இலை, பந்து, வெண்டைக்காய். ஹி பெண்ட்ஸ். ஹி க்ரால்ஸ். ஹி கம்ஸ் அவுட். ஹி ஸ்மைல்ஸ். வரிசையாக எஸ், ஒன்றைக்கூட விடவில்லை, எனக்கே அது காதில் விழுந்துகொண்டிருந்தது, என் அப்பாவை மேஜைக்கு அடியில் ஊரவிட்டுவிட்டு நான் எஸ் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பட் யூ லவ் ஹிம் என்றார் தாடி சார். தட் இஸ் எ டிஃபரன்ட் கொஸ்டின், சார் என்றேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யுவர் ஃபாதர் இஸ் அன் அட்மைரபிள் மேன் என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அந்தப் பந்தியில் இருந்திருந்தால் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போயிருப்பீர்கள், எடுக்க வருகிறவரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள், நீங்களும் ஏய் என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள். கேட்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள், இது மனசிலிருந்து வருகிறது, கஸ்டமர்களுக்கு இந்த மாதிரிக் குரல்தான் பிடிக்கும், ஒன்றாம் தேதி சென்னையில் ட்ரெய்னிங், ஹாஸ்டல் உண்டு, கன்கிராட்ஸ். நான் அட்மைர் பண்ணவில்லை என்று சொன்னதும் கடைசியில் அப்பாக் கதையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மற்றவர்கள் வைத்த அதே இலையில் நான் கொஞ்சம் உப்பு கூட வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். தாங்க்யூ மேம் என்றேன். எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். கால் தரையில் நிற்கவில்லை. வெளியே வந்ததும் பெனிட்டா கையைப் பிடித்தாள். எல்லாம் கேட்டுச்சுட்டி, செமயா அடிச்சுவிட்ட, நெசமா இருக்குமோன்னு நானே நெனச்சிட்டேன், எந்த இன்ஸ்டிட்யூட் நீ என்றாள்.

அப்பா என்னைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து வந்தார். எடுத்துட்டாக என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். என்ன தாயி கேட்டாக என்றார். கிராமர் என்றேன். அதுதான் உனக்கு நல்லா வருமே என்றார். பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் இடம் கிடைத்தது, ரெண்டு பேருக்கும் இடையில் என் பை. ஒரு டீயை இரண்டாக ஆற்றிக் குடித்தோம். ஒன்றாம் தேதி, சென்னை, நாளை காலை எந்த வாசலிலும் நிற்க வேண்டாம், இனி அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை, அப்பாவையும் கொஞ்ச நாளில் அந்த மண்டபத்தில் இருந்து எடுத்துவிடலாம், எடுத்துவிட்டு என்ன செய்யச் சொல்வது, அது பிறகு. அப்பா சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். அய்யாட்ட ஒரு வார்த்த சொல்லிருதேன் என்றார். எதுக்கு. சீட்டப் பிடிச்சு வச்சிருப்பாகள்லா, வேற பிள்ளைக்காவது குடுக்கட்டும். நாம போகலன்னா அவுகளே தெரிஞ்சுக்கிடுவாகப்பா, வையி. சொல்லாம இருந்தா மரியாத இல்ல தாயி. யாருக்கு. அவர் பட்டனை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் எடுத்ததும் அப்பா எழுந்துவிட்டார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார், துண்டைத் தோளில் இருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், நடுப் பஸ் ஸ்டாண்டில், முறுக்கு விற்கிறவனும் தென்காசி பஸ் கண்டக்டரும் பார்க்க. எனக்கு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது. அய்யா, கும்பிடுதேன், கொம்பா பேசுதேன் என்றார். கொம்பையா என்று சொல்லவில்லை, அவரே சொல்லவில்லை. மகளுக்கு வேல கெடச்சிட்டுங்கய்யா, மெட்ராஸ்ல, அதான் நம்ம காலேஜு சீட்ட, தப்பா நெனக்கக் கூடாது, எல்லாம் அய்யா பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம், பிறகு, குடுல அவகிட்ட என்று கேட்டது. அப்பா போனை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், பாதி தமிழில், பாதி இங்கிலீஷில், எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், என் அப்பாவுக்கு ஒரு முழுப்பெயர் இருக்கிறது என்பதில் ஆரம்பிக்கலாம். என்ன பாப்பா, மெட்ராஸாமே, பெரிய ஆளாயிட்ட, நம்ம ஸ்கூல் பேரக் காப்பாத்தணும், சரியா என்றது குரல். பிரியமாகத்தான் கேட்டது. சரிங்கய்யா என்றேன். சொல்லி முடித்துப் பார்த்தபோது நானும் எழுந்து நின்றிருந்தேன், பெஞ்சில் என் பை மட்டும் இருந்தது.